தூங்குகிறவளும் பங்காளிதான்

எங்கள் ஜோசப்பினுக்கு ஒரு விஷயம் மனதில் தட்டிவிட்டால் அதை வயிற்றுக்குள் வைத்திருக்கத் தெரியாது. உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். ஆள் இல்லாவிட்டால் அடுப்பிடம் சொல்வாள். பள்ளிக்கூடத்து பேக்கரியில் ரொட்டி சுடுகிற மனுவேலின் மூத்த மகள் அவள். என் கூடப் பிறந்த தங்கை பெற்ற பிள்ளை. மதுரையில் கணக்குப் படித்துவிட்டு, அதற்கு மேல் ஒரு வருஷம் கம்ப்யூட்டரும் படித்துவிட்டு மலைக்குத் திரும்பியவள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் செய்த காரியம் தெரியும். கூட இருந்து பார்த்தேன். அதனால் நான் சொல்கிறபடிதான் இதை எழுத வேண்டும்.

எண்பத்தேழாம் வருஷம் சேனாதிபதி என்கிற என்ஜினியர் பம்பாயிலிருந்து வந்து, பெருமாள்மலைக்கு இறங்குகிற சாலையில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்தார். சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. மலைக்கு ஏன் வந்தார் என்றால், கீழே மெஷின் சூடேறிப்போகிறதாம்; கொடைக்கானலில் கடவுளே ஏசி போட்டு வைத்திருக்கிறாராம். அப்படிச் சொல்லிக்கொண்டு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்தார். மத்தியானம் மேகம் நேரே உள்ளே வந்து உட்கார்ந்தது. மெஷின் மேல் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது. அங்கே சமைப்பதும் பெருக்குவதும் என் வேலை. துணியோடு ஓடினேன்.

"ஜன்னலச் சாத்துங்க சார். மேகத்துக்கு யாரு இங்க பலகாரம் வச்சிருக்கா?"

"அம்மா, காத்து வரணும்ல."

"காத்து வரட்டும். குடியேறவா விடுவாங்க?"

சாத்தினார். ஒரு மூலையில் கரியடுப்பு வைத்து அறையை உலர்த்தினோம். மெஷின் பிழைத்தது.

அந்த வீட்டில்தான் ஜோசப்பின் வேலைக்குச் சேர்ந்தாள். மெஷினுக்கு அடிமடியில் கெர்னல் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஊர் மணியக்காரர் மாதிரி அது. எந்த வேலைக்கு எவ்வளவு இடம், யார் எழுதலாம், யார் காத்திருக்க வேண்டும் என்று பங்கு போடுவது அதன் சோலி. சேனாதிபதியே எழுதியது. அதில் மெமரியைப் பங்கு போடுகிற பகுதியை ஜோசப்பின் கையில் கொடுத்தார். அன்று சாயங்காலம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணப் பெண்ணுக்குக்கூட அப்படி ஒரு வெளிச்சம் நான் கண்டதில்லை.

மதுரையில் ஒரு மருத்துவமனை அந்த மெஷினைக் கேட்டிருந்தது. வார்டுக்கு ஒரு டெர்மினல், அதாவது ஒரு திரையும் தட்டுகிற எழுத்துக் கட்டைகளும், மொத்தம் எட்டு. எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை முடிந்த புதன்கிழமை அந்த மருத்துவமனையின் பெரிய டாக்டரம்மா மலையேறி வருவார்; எட்டு டெர்மினலும் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்காமல் ஓட வேண்டும். ஓடினால் வாங்குவார்கள். ஓடாவிட்டால் பங்களாவைப் பூட்டிவிட்டுப் பம்பாய்க்கே போக வேண்டியதுதான் என்று சேனாதிபதி ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மனுவேலும் சும்மா இருக்கவில்லை. கோயம்புத்தூரில் அவள் மாமா, ஒரு மில் ஆபீசில் டைப் அடிக்கிற வேலையைப் பேசி வைத்திருந்தார்.

"இங்க சரிப்படலன்னா அங்க போயிரணும். பேச்சு மாறக் கூடாது," என்றான் மனுவேல்.

"சரிப்படும்ப்பா."

"பட்டா சந்தோசம். படலன்னா?"

அவள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு பங்களாவுக்குக் கிளம்பிவிட்டாள். 

மெஷினுக்கு என்ன நோய் என்றால், காலையில் குதிரை மாதிரி ஓடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் திணறும். காப்பி நேரத்தில் "மெமரி இல்லை" என்று எழுதிக் காட்டிவிட்டுப் படுத்துவிடும். அணைத்துப் போட்டால் மறுபடி குதிரை. சேனாதிபதி மேகத்தைச் சந்தேகப்பட்டார், மின்சாரத்தைச் சந்தேகப்பட்டார், ஒரு நாள் என் கரியடுப்பையே சந்தேகப்பட்டார். அன்றைக்கு அவருக்கு ரசம் மட்டும்தான் கொடுத்தேன்.

ஜோசப்பின் மட்டும் மெஷின் முன்னால் உட்கார்ந்து, எந்த இடம் யார் பேரில் கிடக்கிறது என்று தோண்டிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது சமையலறைக்குள் பாய்ந்து வந்தாள்.

"பெரியம்மா! கண்டுபிடிச்சிட்டேன்!"

"என்னத்த? காணாமப் போன கரண்டியையா?"

"மெமரி எங்க போகுதுன்னு! நம்ம ஜெபதுரை வாத்தியார் பீரோ இருக்குல்ல, அதே கததான் பெரியம்மா, அச்சு அசல் அதே கத!"

இந்த இடத்தில் எங்கள் சபையின் பாடகர் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானும் ஜோசப்பினும் அதில் ஆல்டோ, அதாவது பெண் குரலில் கீழ்க்குரல். நான் காதால் கேட்டுப் பாடுவேன். மற்றவர்கள் தாளைப் பார்த்துப் பாடுவார்கள். ஜெபதுரை வாத்தியார்தான் குழுவை நடத்துகிறவர். பாட்டுத்தாள் எல்லாம் அவர் கையால் எழுதியது. ஆளுக்கு ஒன்று எழுத முடியுமா? அதனால் இரண்டு மூன்று பேருக்கு ஒரு தாள்; மேல்குரல், கீழ்க்குரல் இரண்டும் அதிலேயே இருக்கும். சட்டம் என்னவென்றால், பங்குத் தாளில் யாரும் பென்சில் வைக்கக் கூடாது. பார்த்துப் பாடலாம். எங்கே மூச்சு வாங்க வேண்டும், எங்கே குரல் இறங்க வேண்டும் என்று குறிக்க ஆசைப்பட்டால், முதலில் அந்தத் தாளைத் தனக்கென்று பார்த்து எழுதிக்கொண்டு, அந்தத் தன் தாளில்தான் குறிக்க வேண்டும். நல்ல சட்டம். குறிக்காதவர்களுக்கு எழுதும் வேலை மிச்சம், தாளும் மிச்சம்.

சேனாதிபதியின் கெர்னலும் அப்படித்தானாம். மெஷினுக்குள் ஒரு வேலை தன்னைப் போலவே இன்னொரு வேலையைப் பெற்றுப் போடும். மெமரியும் நோட்டு மாதிரி பக்கம் பக்கமாக இருக்கிறதாம்; பிள்ளைக்கென்று எல்லாப் பக்கத்தையும் உடனே பார்த்து எழுதினால் இடம் போதாது. அதனால் தாயும் பிள்ளையும் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். யாராவது அதில் எழுதப் போனால் மட்டும், எழுதப் போகிற அந்த ஒரு பக்கத்துக்கு நகல் எடுத்துக் கையில் கொடுப்பார் கெர்னல் மணியக்காரர்.

"நல்லாத்தான கெடக்கு. பொறவு என்ன நோவு?" என்றேன்.

"தாய் செத்துப் போகுது பெரியம்மா. சோலி முடிஞ்சா சாகத்தான செய்யும். பிள்ள ஒத்தையா நிக்குது. அது ஒரு எழுத்து எழுதணும்னு போனாலும், இந்தக் கெர்னல் மறுபடி ஒரு நகல் எடுத்துக் குடுக்குது. அசல் என்னாகும்? செத்த தாய் பேர்ல அப்படியே கெடக்கும். பாக்க ஆளும் இல்ல, தூக்கிப் போட ஆளும் இல்ல. அந்தப் பிள்ள ஒரு பேரப்பிள்ளயப் பெத்துட்டுச் செத்துப் போகும். மறுபடி நகல், மறுபடி அனாத அசல். மத்தியானத்துக்குள்ள வீடு பூரா செத்தவங்க சொத்து!"

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. வாத்தியாருடைய பீரோவில் கல்யாணமாகித் தூத்துக்குடிக்கும் திருச்சிக்கும் போய்விட்ட பெண்களின் பங்குத் தாள்கள், ஒரு பென்சில் கீறல் இல்லாமல், கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. மிஞ்சி நின்றவள் ஒருத்திதான் என்றாலும், சட்டம் சட்டம்தான் என்று அவளையும் புதிதாக எழுத வைப்பார் மனுஷன்.

"அப்ப ஒத்த ஆளுதான் மிச்சம்னா, அந்தத் தாளையே அவளுக்குக் குடுத்துர வேண்டியதுதான?"

"அதத்தான் எழுதப் போறேன்! கை வெரசா ஓட மாட்டேங்குது!" என்று பாதி வெங்காயத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஓடினாள். வெங்காயம் என்றே அவளுக்குத் தெரிந்திருக்காது.

எழுதினாள். ஒரு வேலை பக்கத்தில் எழுத வந்தால், கெர்னல் மெஷினுக்குள் இருக்கிற மற்ற வேலைகளை ஒரு சுற்று எட்டிப் பார்க்கும். வேறு யாரும் அந்தப் பக்கத்தை வைத்திருக்கவில்லை என்றால் நகல் கிடையாது. அசலையே அதன் பேருக்கு மாற்றிவிடும். மறுநாள் காப்பி நேரம் வந்தது. நாங்கள் எல்லாரும் கதவோரம் நின்றோம். மெஷின் ஓடியது. விளக்கு வைக்கிற நேரம் வந்தது. ஓடியது! சேனாதிபதி மேஜை மேல் தாளம் போட்டார். மனுவேல் ஒரு தட்டு பன் கொண்டுவந்து எல்லார் கையிலும் திணித்தான். மெஷினுக்கும் ஒன்று வைக்கப் போனவனை நான் தடுத்தேன்.

ஜோசப்பினுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வெற்றியைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே பாடகர் குழுவுக்குப் போனாள். அறுப்பின் பண்டிகைப் பாட்டுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

"வாத்தியாரே, உங்க சட்டத்துல ஓட்ட இருக்கு. ஒத்த ஆள் வச்சிருக்க தாளுக்கு எதுக்கு நகல்?"

"ஏ பிள்ள, உன் மெஷினு வேற, சபை வேற."

"ரெண்டும் ஒண்ணுதான் வாத்தியாரே. இப்பப் பாருங்க, நான் பாத்துப் பாடுற இந்தத் தாள இங்க வேற யாராவது வச்சிருக்காங்களா? கையத் தூக்குங்க!"

யாரும் தூக்கவில்லை. "குடுத்துருங்க வாத்தியாரே, பண்டிகைக்கு நாளு கெடக்கா?" என்று நானும் சேர்ந்து சத்தம் போட்டேன். வாத்தியாருக்கு விரல் முட்டி வீங்கியிருந்தது. புதிதாக எழுதத் தெம்பில்லை. "என்னமோ செஞ்சு தொலைங்க," என்றார். ஜோசப்பின் பென்சிலை எடுத்து, மூன்றாம் சரணத்தில் மேல்குரலுக்கு எழுதியிருந்த இரண்டு வரியை அடித்து, தன் ஆல்டோவுக்குத் தோதாக இறக்கி எழுதிக்கொண்டு, தாளைப் பீரோவிலேயே திரும்ப வைத்தாள்.

பண்டிகைக்கு இரண்டு நாள் இருந்தது. பங்களாவில் எட்டு டெர்மினலிலும் ஆளை உட்கார வைத்து, மருத்துவமனை மாதிரியே ஒத்திகை பார்த்தார்கள். ஐந்தாம் வார்டு டெர்மினலைக் கொஞ்ச நேரம் யாரும் தொடவில்லை. திரும்பி வந்து தொட்டபோது, அதில் மூன்றாம் வார்டு நோயாளியின் காய்ச்சலும் மருந்தும் இருந்தன! மறுபடி செய்து பார்த்தார்கள். சில தடவை சரியாக வந்தது, சில தடவை பக்கத்து வார்டு வந்தது.

சேனாதிபதி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஜோசப்பின், உன் மாத்தத்த எடுத்துரு. மெஷின் நின்னுபோனா திட்டுவாங்க. ஒருத்தர் மருந்த இன்னொருத்தருக்குக் காட்டினா, ஆள் செத்துப் போவாங்க."

"புதன்கிழம பழையபடி காப்பி நேரத்துல நின்னுருமே சார்."

"நிக்கட்டும்."

அவர் சொன்னது நியாயம். அவளும் தகராறு செய்யவில்லை. எடுத்துவிட்டாள். ஆனால் அன்றும் மறுநாளும் எந்தப் பக்கத்திலிருந்து யோசித்தாலும் அவளுக்குத் தப்பு பிடிபடவில்லை. "எட்டிப் பாத்துட்டுதான குடுக்குது? ஒருத்தரும் இல்லன்னுதான குடுக்குது?" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மனுவேல் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கி வெயிலில் வைத்தான். 

ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. கோவில் முழுக்க முட்டைக்கோஸ், பிளம்ஸ், உருளைக்கிழங்கு, கட்டுக் கட்டாகப் பூண்டு. வெள்ளனே வந்த பூம்பாறை பஸ்ஸிலிருந்து எப்சிபா இறங்கினாள். எங்கள் குழுவின் மேல்குரல் ராணி அவள்தான். பூம்பாறை அவள் ஊர்; அங்கே பூண்டு வயலில் களையெடுப்பும் பிடுங்கலும் நடக்கிற மாதங்களில் பயிற்சிக்கு வரமாட்டாள். வர நேரம் ஏது? ஆனால் பண்டிகைக்கு வந்து, பீரோவைத் திறந்து, தன் தாளை எடுத்துக்கொண்டு நின்றால், கண்ணாடி ஜன்னல் அதிரப் பாடுவாள். வருஷா வருஷம் நடக்கிறதுதான்.

அன்றைக்கும் அப்படியே பீரோவைத் திறந்து தாளை எடுத்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் சரணம். எல்லாரும் அவள் குரல் மேலே ஏறும் என்று காத்திருக்க, அவள் தாளில் இருந்தபடியே இறங்கினாள் பாருங்கள், கிணற்றுக்குள் வாளி விழுகிற மாதிரி! வாத்தியார் தூக்கிய கை தூக்கியபடி நின்றது. அடிக்குரலில் பேஸ் பாடுகிற ஆண்கள் தோள் குலுங்கச் சிரித்தார்கள். எங்கள் பாதிரியார் ஐயர் ஆராதனைப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். மேல்குரல் இல்லாமலே அந்தச் சரணம் முடிந்தது. பயிற்சியில் கையைத் தூக்கச் சொன்னபோது எங்களில் யாருக்கும் இவள் நினைவு வரவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் எப்சிபா தாளை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

"யாருடீ என் தாளுல கிறுக்குனவ?"

"நாந்தான்க்கா," என்றாள் ஜோசப்பின். "யாரும் வச்சிருக்கலன்னு நெனச்சு..."

"வச்சிருக்கலையா? நான் என்ன செத்தா போயிட்டேன்? பூம்பாறையிலதானடீ இருந்தேன்! அங்க இருந்தா என் பங்கு போயிருமா?"

 ஜோசப்பின் கண் விரிந்துகொண்டே போனது. பிறகு கோவில் வாசலில் அத்தனை பேர் முன்னால் கத்தினாள்:

"சாகல! நீங்க சாகலக்கா! தூங்கிக்கிட்டு இருந்திருக்கீங்க!"

"தூங்குனேனா? முதுகு ஒடியப் பூண்டு பிடுங்குனவளப் பாத்து..."

சொல்லி முடிப்பதற்குள் ஜோசப்பின் அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டு, பண்டிகைச் சேலையோடு பங்களாவைப் பார்த்து ஓடினாள்.

"புத்தி பெரண்டு போச்சா இவளுக்கு?" என்றாள் எப்சிபா.

"இப்பத்தான் திரும்பியிருக்கும்," என்று சொல்லிவிட்டு நானும் பின்னாலேயே போனேன்.

நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, சேனாதிபதியை உட்கார வைத்து அவள் பொரிந்துகொண்டிருந்தாள். ஐந்தாம் வார்டை யாரும் தொடாமல் விட்டபோது அந்த வேலை தூங்கிப்போயிருக்கிறது. தூங்குகிற வேலைக்கு எதற்கு மெமரியில் இடம் என்று கெர்னல் அதைத் தூக்கி வட்டுக்கு, அதாவது டிஸ்க்குக்கு, அனுப்பிவிடும். எங்கள் எப்சிபா பூம்பாறைக்குப் போகிற மாதிரி. ஜோசப்பினின் புரோகிராம் எட்டிப் பார்த்தது மெமரிக்குள் இருக்கிறவர்களை மட்டும். பூம்பாறைக்காரி கண்ணில் படவில்லை. அதனால் ஒரே தாய் பெற்ற இரண்டு பேரின் பங்குப் பக்கத்தை மூன்றாம் வார்டுக்கு மட்டும் சொந்தமென்று கொடுத்துவிட்டது. தூங்கினவள் எழுந்து வந்து தன் பக்கத்தைப் புரட்டினால், அடுத்தவள் எழுத்து!

"ஆள எண்ணவே கூடாது சார். அறையில இருக்கவங்களத்தான் கண்ணு எண்ணும். தாளக் கேக்கணும்! ஒவ்வொரு பக்கத்து மேலயும் எத்தன பேருக்குப் பங்குன்னு ஒரு எண்ணிக்க இருக்கணும். பெத்துப் போட்டா கூட்டணும். செத்தா கொறைக்கணும், தனக்குன்னு நகல் எடுத்துக்கிட்டாலும் கொறைக்கணும். தூங்குனா கொறைக்கக் கூடாது. எண்ணிக்க ஒண்ணுன்னு இருந்தா மட்டும் அசலக் குடுக்கலாம்."

சேனாதிபதி பென்சிலை எடுத்துத் தாளில் குறித்துக்கொண்டார். "யாருக்குமே பங்கில்லன்னு ஆயிட்டா?"

"அந்த நிமிசமே காலி இடம். செத்தவங்க பேர்ல ஒரு பக்கம்கூட நிக்காது."

"உக்காரு. ரெண்டு பேருமா எழுதுவோம்," என்று நாற்காலியை இழுத்தார்.

அன்றும் திங்களும் செவ்வாயும் அந்த அறையில் பேச்சும் சிரிப்பும் சண்டையுமாக இருந்தது. ஓர் இடத்தில் கூட்ட மறந்தார்கள், ஓர் இடத்தில் இரண்டு தடவை குறைத்தார்கள், மெஷின் படுத்தது, திட்டினார்கள், மறுபடி எழுப்பினார்கள். தட்டில் போட்டதை அவள் பார்க்காமல் தின்றாள். என் சமையலுக்கு அது மரியாதைக் குறைவு என்று அப்போதே சொன்னேன்.

புதன்கிழமை டாக்டரம்மா வந்தார். ஒல்லியாக, வெடுக்கென்று பேசுகிறவர். எட்டு டெர்மினலிலும் ஆட்கள் உட்கார்ந்தோம். ஆள் குறைந்ததால் மனுவேல் ஒன்றில், நான் ஒன்றில். எழுத்து தெரியாவிட்டால் என்ன, ஜோசப்பின் காட்டிய கட்டையை மாறாமல் தட்டினேன். மத்தியானம் ஆனது. மெஷின் திணறவில்லை. காப்பி நேரம் வந்தது. யார் கையிலும் காப்பி இல்லை. போட நான் எழுந்தால்தானே!

அப்போது டாக்டரம்மா ஒரு காரியம் செய்தார். தன் பேரை ஒரு டெர்மினலில் அடித்துவிட்டு, "இத யாரும் தொடாதீங்க. நான் ஏரிய ஒரு சுத்து பாத்துட்டு வாரேன். எங்க நர்ஸுங்க பாதியில விட்டுட்டு ஓடுவாங்க, அதுதான் நெசம்," என்று காரில் ஏறிப் போய்விட்டார்.

ஜோசப்பின் என் கையைப் பிடித்தாள்.  மற்ற ஏழிலும் நாங்கள் தட்டிய தட்டில், அந்த டெர்மினலின் வேலை தூங்கி, பூம்பாறைக்குப் போயே இருக்கும். டாக்டரம்மா ஏரிக்காற்றில் கன்னம் சிவந்து திரும்பி வந்து, நின்றபடியே ஒரு கட்டையைத் தட்டினார்.

அவர் பேர். அவர் விட்ட இடத்தில். ஓர் எழுத்து பிசகவில்லை!

இன்னும் நான்கு வரி அடித்தார். பக்கத்து டெர்மினல்களுக்குப் போய் அங்கே அது தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். தெரியவில்லை. விளக்கு வைக்கிற நேரம் தாண்டியும் மெஷின் காலையில் ஓடின மாதிரியே ஓடிக்கொண்டிருந்தது.

"போதும். அணைச்சுரலாம்," என்றார்.

"வேண்டாம் மேடம், ஓடட்டும்! இன்னும் எடம் கெடக்கு!" என்றாள் ஜோசப்பின்.

டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "எப்ப மதுரைக்கு இறக்குறீங்க?" என்று சேனாதிபதியைக் கேட்டார். அவர் காலண்டரைத் தேடினார். ஜோசப்பினே தேதி சொன்னாள்.

மனுவேலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்போதே பெருமாள்மலைக்குப் போய்க் கோயம்புத்தூருக்கு டிரங்கால், அதாவது வெளியூர் போன், போட வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸில் ஏறினான். மளிகைக் கடையில் போன் கிடைத்ததும், போன் இல்லாமலே கோயம்புத்தூருக்கு நேராகக் கேட்டுவிடும் போலக் கத்தினான்:

"மச்சான்! பாப்பா வரமாட்டா! அந்த வேலைய வேற யாருக்காவது குடுத்துருங்க! ... இல்ல மச்சான், யாருக்கும் ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல... மெஷினு ஓடிருச்சு! ... எப்படின்னா, இப்ப ஒரு பக்கம் இருக்குன்னு வைங்க, அதுல தாய்க்கும் பங்கு, பிள்ளைக்கும் பங்கு..."

கடைக்காரர் தராசைக் கீழே வைத்தார். சாமான் வாங்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பி நின்று கேட்டார்கள். லைன் அறுந்துபோனது. மனுவேல் போனை வைத்துவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினான்.